இன்காக்னிட்டோ: ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது எப்படி

பத்தாம் வகுப்பில் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. தினம் இருபது சொல் என்று கணக்கு. ராத்திரி ஒப்பித்துவிட்டுப் படுத்தால் காலையில் பதினைந்து காணாமல் போயிருக்கும். மிச்சம் ஐந்தையும் எங்கே வைத்துப் பேசுவது என்று தெரியாது. அந்த நோட்டில் 'இன்காக்னிட்டோ' என்ற சொல்லுக்கு நேராக 'மாறுவேடம்' என்று எழுதியிருந்தேன். அதை நம்பிப் பரீட்சைத்தாளில் 'த கிங் வோர் அன் இன்காக்னிட்டோ' என்று ஒரு வாக்கியம் எழுதினேன். ராஜா ஓர் இன்காக்னிட்டோவை உடுத்திக்கொண்டார் என்று அர்த்தம். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'மீட்டர் என்ன விலை?' என்று கேட்டிருந்தார்.

இப்போது சாயங்காலங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நாலைந்து பேருக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே ஒரு வாரத்துக்கு ஒரு சொல்தான். 'ஒரு சொல்லா, போதுமா சார்?' என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அந்த ஒரு சொல் வரும்போது பின்னாலேயே பத்துச் சொல் வரும் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும். என் முதல் பாடம் எப்போதும் இன்காக்னிட்டோதான். பழைய கடன்.

ஒரு நோட்டு, ஒரு கைபேசி, தினம் பதினைந்து நிமிடம். வேறு ஒன்றும் தேவையில்லை.

படி 1: முதலில் காது

பொருளைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பதிப்பகங்களின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல்லைத் தேடினால் பக்கத்தில் இரண்டு ஒலிபெருக்கிப் படங்கள் இருக்கும். ஒன்று பிரிட்டிஷ் உச்சரிப்பு, மற்றது அமெரிக்க உச்சரிப்பு. ஐந்து தடவை கேட்டுவிட்டு வாயைத் திறந்தால் போதும்.

எழுத்துகள் ஒன்பது: ஐ, என், சி, ஓ, ஜி, என், ஐ, டி, ஓ. அசைகள் நான்கு: இன், காக், நீ, டோ. அழுத்தம் மூன்றாவது அசையில். 'இன்-காக்-நீ-டோ' என்று 'நீ'யை மட்டும் கொஞ்சம் தூக்கிச் சொல்லுங்கள். நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள். அதனால் நம் வாயில் இந்தச் சொல் தட்டையாக வரும், அல்லது முதல் அசையில் போய் அழுத்தம் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது அசையில் அழுத்தம் வைத்து 'இன்-காக்-நி-டோ' என்று சொல்லும் பழைய பாணியும் உண்டு. அகராதிகள் அதையும் ஏற்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் முதலில் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. ஜியும் என்னும் ஒட்டிக்கொண்டு வரும் இடத்தில் நம் நாக்கு ஓர் உகரத்தைச் செருகி 'காகுனிட்டோ' ஆக்கிவிடும். அதற்கு மருந்து உங்களிடமே இருக்கிறது: சிக்னல். 'சிக்னல்ல இறங்கிக்கிறேன்' என்று டிரைவரிடம் சொல்லும்போது எந்த உகரமும் வருவதில்லை. அதே ஜி, அதே என். சிக்னல், இன்காக்னிட்டோ, சிக்னல், இன்காக்னிட்டோ என்று மாற்றி மாற்றிப் பத்துத் தடவை சொல்லுங்கள். எழுத்தில் 'க்' என்று போட்டாலும் ஒலி 'தங்கம்' என்பதில் வரும் க, 'கடல்' என்பதில் வரும் க அல்ல.

கைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து அகராதிக் குரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தடவை கேட்கக் கூச்சமாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான்.

படி 2: உடைத்துப் பாருங்கள்

எனக்குப் பிடித்த படி இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

இன்காக்னிட்டோ ஆங்கிலத்துக்கு வந்தது இத்தாலிய மொழியிலிருந்து, 17-ஆம் நூற்றாண்டில். இத்தாலிக்கு அது லத்தீன் தந்த சொத்து. லத்தீனில் 'இன்காக்னிடுஸ்'. 'இன்' என்றால் இல்லை, அல்லாத. 'காக்னிடுஸ்' என்றால் அறியப்பட்டது. சேர்த்தால் 'அறியப்படாதது'. வேடம் என்ற சங்கதியே இதற்குள் இல்லை, கவனியுங்கள். என் பத்தாம் வகுப்பு நோட்டு அங்கேதான் சறுக்கியது.

இப்போது மகாபாரதத்துக்கு வாருங்கள். சூதில் தோற்ற பாண்டவர்கள் பன்னிரண்டு வருடம் வனவாசம் இருந்தார்கள். பதின்மூன்றாவது வருடம் யாருக்கும் ஆள் தெரியாமல் இருக்க வேண்டும், கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடி பன்னிரண்டு வருடம் காட்டுக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. விராட மன்னன் அரண்மனையில் பீமன் சமையல்காரனாக, அர்ச்சுனன் நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் பிருகன்னளையாக, திரௌபதி சைரந்திரியாக ஒளிந்திருந்த அந்த ஒரு வருடத்துக்கு என்ன பெயர்? அஞ்ஞாதவாசம்.

அதைப் பிரியுங்கள். 'அ' என்றால் அல்லாத. 'ஞாத' என்றால் அறியப்பட்ட. 'அஞ்ஞாத' என்றால் அறியப்படாத. லத்தீனின் 'இன்', சமஸ்கிருதத்தின் 'அ' இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்த எதிர்மறை முன்னொட்டுகள். லத்தீனின் 'காக்னி'யில் இருக்கும் 'க்ன', சமஸ்கிருதத்தின் 'ஞா' இரண்டும் ஒரே வேர். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று பேசினார். அந்த உறவுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இன்காக்னிட்டோவும் அஞ்ஞாதமும் ஒரே வார்ப்பில் அமைந்த இரண்டு சொற்கள். ஒன்று ரோம் வழியாக லண்டனுக்குப் போனது, மற்றது பாரதக் கதையோடு நம் ஊர்க் கூத்து மேடைக்கு வந்தது. இதைச் சொன்ன நாளில் வகுப்பில் யாரும் அந்தச் சொல்லை மறந்ததே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அஞ்ஞாதம், ஞானம், விஞ்ஞானம் எல்லாம் தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்தவை. தமிழ் திராவிடக் குடும்பம், அதற்கு இந்த வேரோடு ரத்த உறவு இல்லை. நம் சொந்தச் சொல் வேண்டுமென்றால் 'கரந்துறைதல்' இருக்கிறது. மறைந்து வாழ்தல் என்று பொருள். எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போனது என்றோ, எல்லாத் தமிழ்ச் சொல்லும் அங்கிருந்து வந்தது என்றோ வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களைச் சொல் கற்க நம்பாதீர்கள்.

வேர் கிடைத்துவிட்டால் உறவுக்காரர்கள் வரிசையாக வருவார்கள். ரெகக்னைஸ்: அடையாளம் கண்டுகொள்வது, அதாவது மறுபடி அறிவது. காக்னிஷன்: அறிதல் என்ற செயல். நாளிதழில் வரும் 'காக்னிசபிள் அஃபென்ஸ்' என்பதும் இந்த வீடுதான். போலீஸ் தானாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டு வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். சினிமாக்காரர்கள் லொகேஷன் பார்க்கப் போவதை 'ரெக்கி' என்பார்களே, அதுவும் உறவு. 'ரெகானசன்ஸ்' என்ற ராணுவச் சொல்லின் சுருக்கம், பிரெஞ்சு வழியாக வந்தது. டாக்டர் சொல்லும் 'டயக்னாசிஸ்' கிரேக்கக் கிளை. இவ்வளவு ஏன், ஆங்கிலத்தில் 'தெரியும்' என்பதற்கான 'நோ' என்ற சொல்லை எழுதும்போது முன்னால் ஒரு கே போடுகிறோமே, எதற்கு என்று எப்போதாவது யோசித்தீர்களா? ஒரு காலத்தில் அந்தக் கே-யை ஆங்கிலேயர்கள் உச்சரித்தார்கள். அதே வேரின் 'க்ன' அது. ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் காவலுக்கு நிற்கிறது.

நோட்டின் ஒரு பக்கத்தில் நடுவில் இன்காக்னிட்டோவை எழுதி, சுற்றிலும் இந்த உறவுக்காரர்களை எழுதுங்கள். ஆனால் கண்ணில் படும் எல்லா 'இன்'னையும் சேர்த்துவிடாதீர்கள். 'இன்கரெக்ட்' என்பதில் 'இன்' இல்லை என்கிறது, 'இன்கம்' என்பதில் உள்ளே என்கிறது. 'காக்வீல்' என்ற பல்சக்கரத்துக்கும் நம் 'காக்'குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

படி 3: பொருளைக் கதையில் பிடியுங்கள்

ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் 1697-இல் ஒரு பெரிய தூதுக்குழுவோடு மேற்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். குழுவில் அவர் பெயர் சக்கரவர்த்தி பீட்டர் அல்ல, பியோத்தர் மிகாய்லோவ். கப்பல் கட்டும் தொழிலைக் கையால் செய்து கற்க வேண்டும் என்பது ஆசை. ஹாலந்தில் சான்டாம் என்ற ஊரில் தச்சரோடு தச்சராக இறங்கினார். ஒரு வாரம் தாண்டவில்லை. மனிதர் கிட்டத்தட்ட 6 அடி 8 அங்குலம். அவ்வளவு உயரமான ரஷ்யத் தச்சர் எத்தனை பேர் இருக்க முடியும்? கூட்டம் கூடிவிட்டது. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் போய் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில் சில மாதம் வேலை பார்த்தார். (அந்தச் சமயத்தில் நாகப்பட்டினமும் பழவேற்காடும் அதே கம்பெனி கையில்தான் இருந்தன.) ஆள் யார் என்று பெரும்பாலானோருக்குத் தெரியும். ஆனாலும் அவர் பயணத்துக்கு ஆங்கிலத்தில் இன்காக்னிட்டோ என்றுதான் பெயர்.

தெரிந்த பிறகும் எப்படி இன்காக்னிட்டோ? இங்கேதான் மாறுவேடம் வேறு, இது வேறு என்பது விளங்கும். ராஜா ராஜாவாக வந்தால் பீரங்கி மரியாதை, விருந்து, வரவேற்புரை, யார் முதலில் குனிவது என்ற சண்டை எல்லாம் உண்டு. சின்னப் பட்டப் பெயரில் வந்தால் இரண்டு பக்கமும் தெரியாததுபோல் இருந்துவிடலாம். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஜோசப், பிரான்ஸில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் தங்கை மரீ அன்த்வானெத்தைப் பார்க்க 1777-இல் பாரிஸ் போனபோது 'ஃபால்கன்ஸ்டைன் பிரபு' என்று போனார். விக்டோரியா மகாராணி ஐரோப்பாவில் ஓய்வெடுக்கப் போகும்போது 'பால்மோரல் சீமாட்டி' ஆவார். முகமூடி கிடையாது, ஒட்டுமீசை கிடையாது. பதவியை வாசலில் கழற்றி வைப்பதுதான்.

எல்லாம் சுகமாக முடிந்ததென்று சொல்ல முடியாது. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் 1898 செப்டம்பரில் ஜெனிவாவில் வேறொரு சீமாட்டி பெயரில் தங்கியிருந்தார். அவர் யார் என்ற செய்தி வெளியே கசிந்தது. படகுத்துறைக்கு நடந்துபோகும் வழியில் ஒருவன் கூரிய அரத்தால் குத்திக் கொன்றான்.

நம் பக்கத்துக் காட்சிகளையும் இதோடு உரசிப் பாருங்கள். புது ஆட்சியர் ஒருவர் அரசு மருத்துவமனைக்கு அரசு வண்டியில் வராமல், ஆட்டோவில் வந்திறங்கி ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றார் என்று செய்தி வரும். அவர் வேடம் போடவில்லை, யார் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அது இன்காக்னிட்டோ. முதல் காட்சி பார்க்க ஒரு நடிகர் மாஸ்க்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தால் அதுவும் இன்காக்னிட்டோ. இங்கே கொஞ்சம் வேடமும் உண்டு. ஆக, வேடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தான் இன்னார் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அடிப்படை. இன்னொன்று, பொதுவாக மறைப்பதற்கு ஏதாவது இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும். நானும் நீங்களும் காய்கறிக் கடைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. 'இன்காக்னிட்டோவாகக் கத்தரிக்காய் வாங்கினேன்' என்று சொன்னால் அது நையாண்டி.

நோட்டில் தமிழ்ப் பொருளாக 'மாறுவேடம்' என்று எழுதாமல் 'ஆள் யாரென்று காட்டிக்கொள்ளாமல்' என்று எழுதுங்கள். 'காட்டிக்கொள்ளாமல்' என்ற அந்த வினையெச்சம் அடுத்த படியில் உதவும்.

படி 4: எந்தச் சொல்லோடு சேரும்?

ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் பாதிக் கிணறு. அது யாரோடு சேர்ந்து நடக்கும் என்பது தெரிந்தால்தான் மறுகரை. இன்காக்னிட்டோ பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வந்து நிற்கும்: டிராவல் இன்காக்னிட்டோ, கோ இன்காக்னிட்டோ, ரிமெயின் இன்காக்னிட்டோ, ஸ்டே இன்காக்னிட்டோ. 'ஹி டிராவல்டு இன்காக்னிட்டோ' என்றால் ஆள் காட்டிக்கொள்ளாமல் பயணம் போனார். தமிழில் வினைக்கு முன்னால் வருவது அங்கே பின்னால் போகிறது, அவ்வளவுதான்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவதும் உண்டு: 'அன் இன்காக்னிட்டோ விசிட்', யாரென்று சொல்லாமல் வந்துபோன வருகை. ஆனால் நான் செய்ததுபோல் 'வோர்' என்ற சொல்லோடு சேர்த்து உடுத்திவிடாதீர்கள், அது துணி அல்ல. 'ஹி இன்காக்னிட்டோடு' என்று வினையாக்கவும் வேண்டாம். 'இன் இன்காக்னிட்டோ' என்று இரண்டு 'இன்' போட்டு எழுதும் பழக்கமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆளைப் பற்றிப் பேசும்போது அது தப்பு. இணைய உலாவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் சரி: 'ஓபன் இட் இன் இன்காக்னிட்டோ'. அங்கே இன்காக்னிட்டோ ஒரு ஜன்னலின் பெயராகிவிட்டது.

பெண்ணாக இருந்தால் கடைசியில் 'ஆ' வருமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இத்தாலிய மொழியில் 'இன்காக்னிட்டா' உண்டு. பழைய ஆங்கிலப் புத்தகங்களிலும் பார்க்கலாம். இன்று ஆண், பெண் எல்லோருக்கும் 'ஓ'தான். 'ஆ' மிஞ்சியிருப்பது 'டெர்ரா இன்காக்னிட்டா' என்ற தொடரில். அந்தக் கால வரைபடக்காரர்கள் யாரும் போய்ப் பார்க்காத நிலத்தை அப்படிக் குறித்தார்கள். லத்தீனில் நிலம் பெண்பால்.

படி 5: கையால் தொட்டுப் பாருங்கள்

கணினியில் குரோம் உலாவியைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கறுப்பாக ஒரு ஜன்னல் திறக்கும். தொப்பியும் கண்ணாடியும் போட்ட முகமில்லாத ஓர் ஆள் படம் இருக்கும். 2008-இல் குரோம் வெளிவந்ததிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. தமிழ் அமைப்பில் வைத்திருந்தால் 'மறைநிலை' என்று காட்டும். நல்ல மொழிபெயர்ப்பு. மாறுவேடம் என்று போடாமல் விட்டார்களே!

இந்த ஜன்னல் எதை மறைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் பாடத்தில் சேர்த்திதான். மூடியதும் நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாறு அந்தக் கணினியில் இருக்காது, தளங்கள் கணினியில் விட்டுவைக்கும் சின்னப் பதிவுகளான குக்கீகளும் அழிந்துவிடும். வீட்டில் அடுத்து உட்காருகிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இணைய இணைப்புத் தருகிற நிறுவனத்துக்குத் தெரியும். அலுவலக இணைப்பு என்றால் அலுவலகத்துக்குத் தெரியலாம். நீங்கள் போன தளத்துக்கு வந்த விவரமும் உங்கள் இணைப்பின் முகவரியான ஐபி எண்ணும் தெரியும், அங்கே உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டால் பெயரே தெரியும். இறக்கிய கோப்பு அதே இடத்தில் கிடக்கும். மறைநிலையில் இருக்கும்போதும் தங்கள் தகவல் திரட்டப்பட்டது என்று அமெரிக்காவில் 2020-இல் கூகுள்மேல் வழக்குப் போட்டார்கள். 2024-இல் வெளியான சமரச உடன்பாட்டில், திரட்டிய பழைய பதிவுகளை அழிக்க கூகுள் ஒத்துக்கொண்டது.

சான்டாமில் தச்சு வேலை பார்த்த பீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் தெரியும், ஆனாலும் இன்காக்னிட்டோ. உலாவிக்கு இந்தப் பெயரை வைத்தவர் தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, பெயர் பொருத்தம்தான்.

படி 6: பக்கத்து வீட்டுக்காரர்கள்

அடையாளத்தை மறைப்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு தெருவே இருக்கிறது. வீடு மாறிப் போய்விடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நம் ஊர்க் காட்சி ஒன்றை ஆணி அடித்து மாட்டிவிடுங்கள்.

அனானிமஸ்: மொட்டைக் கடிதம். கிரேக்கத்தில் பெயரில்லாதது என்று அர்த்தம். கடிதம் வந்துவிட்டது, கையெழுத்து இல்லை. இன்காக்னிட்டோவில் ஆள் எதிரே நிற்கிறார், யாரென்று தெரியவில்லை. அனானிமஸில் செயல்தான் கண்ணில் படுகிறது, ஆளே இல்லை. ரத்ததானம், நன்கொடை, புகார் எல்லாம் அனானிமஸாக வரலாம்.

சூடனிம்: புனைபெயர். முதல் எழுத்து பி, ஆனால் வாயைத் திறக்காது. பொய்ப் பெயர் என்பது கிரேக்கப் பொருள். எஸ். ரங்கராஜன் தன் மனைவி பெயரான சுஜாதாவில் எழுதினார் என்பது ஊரறிந்த விஷயம். ஊரறிந்தாலும் அது சூடனிம்தான்.

ஏலியஸ்: எஃப்ஐஆரிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பார்த்திருப்பீர்கள், 'குமார் (எ) குட்டி'. அந்த 'எ', என்கிற என்பதன் சுருக்கம். நம் கோர்ட்டு ஆங்கிலத்தில் மின்னஞ்சலில் வரும் சுழித்த ஏ குறியை நடுவில் போட்டு இதே வேலையை வாங்குவார்கள். வெளிநாட்டு வக்கீல் பார்த்தால் மின்னஞ்சல் முகவரி என்று நினைத்துக்கொள்வார்.

டிஸ்கைஸ்: இதுதான் அசல் மாறுவேடம். பள்ளி ஆண்டுவிழாவில் பஞ்சுத் தாடி ஒட்டித் திருவள்ளுவர் ஆவது வேடிக்கைக்கான வேடம், அதற்கு ஃபேன்சி டிரஸ். ஏமாற்றுவதற்காகப் போட்டால் டிஸ்கைஸ். பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையாகவும் வரும். உடுத்திக்கொள்ளலாம், என் ராஜா உடுத்தியிருக்க வேண்டியது இதைத்தான்.

அண்டர்கவர்: இங்கே எல்லோரும் தடுக்கி விழுவார்கள். மஃப்டி போலீஸ் வேறு, அண்டர்கவர் வேறு. திருவிழாக் கூட்டத்தில் காக்கி போடாமல் நிற்பவர் மஃப்டி. கேட்டால் போலீஸ் என்று அடையாள அட்டையைக் காட்டுவார். கடத்தல் கும்பலுக்குள் வேறு ஆளாகவே மாதக்கணக்கில் பழகுகிறவர் அண்டர்கவர். கேட்டாலும் சொல்ல மாட்டார். இன்காக்னிட்டோவில் உளவு நோக்கம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, தொந்தரவு இல்லாமல் டீ குடிப்பதற்காகக்கூட இருக்கலாம்.

இம்பர்சனேஷன்: ஆள்மாறாட்டம். ஒருவர் பரீட்சையை இன்னொருவர் எழுதுவது. தன் அடையாளத்தை மறைப்பதோடு நிற்காமல் அடுத்தவர் அடையாளத்தை எடுத்துக்கொள்வது. இது ஜெயிலில் கொண்டுபோய் விடும்.

இப்போது ஒரு சோதனை. அர்ச்சுனன் விராட நகரில் இருந்ததற்கு இதில் எத்தனை சொல் பொருந்தும்? பிருகன்னளை என்ற பெயர் ஏலியஸ். உடையும் வளையலும் டிஸ்கைஸ். வாழ்ந்த வகை இன்காக்னிட்டோ. அனானிமஸ் பொருந்தாது, பெயர் இருந்ததே. என் வகுப்பில் 'அண்டர்கவர்' பொருந்துமா என்று ஒருநாள் முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. நான் பொருந்தாது என்ற கட்சி. அவன் உளவு பார்க்கப் போகவில்லையே.

படி 7: சொந்தமாக எழுதுங்கள், மறக்க விடாதீர்கள்

அகராதி வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் ஒட்டாது. உங்கள் வீடு, உங்கள் தெரு, உங்களுக்குத் தெரிந்த ஆட்கள் வர வேண்டும். மூன்று வாக்கியம் போதும். ஒன்று நடந்தது, ஒன்று நடக்க ஆசைப்படுவது, ஒன்று கிண்டல். கிண்டல் வாக்கியம்தான் நீண்ட நாள் நிற்கும், என் அனுபவம் அது.

எழுதியதை முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் மாதக் கடைசியில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பார்ப்பது என்றால் வாசிப்பது அல்ல. நோட்டை மூடி வைத்துக்கொண்டு தமிழ்ப் பொருளிலிருந்து ஆங்கிலச் சொல்லை வரவழைப்பது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். படித்த சில மணி நேரத்துக்குள்தான் பெரும்பகுதி கொட்டிப்போகிறது, அப்புறம் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. என் பதினைந்து சொற்கள் காலையில் காணாமல் போனதற்குக் காரணம் மண்டையில் களிமண் அல்ல என்று அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இடைவெளி விட்டுத் திரும்ப வரவழைத்தால் பிடிப்பு நீளும்.

எழுதிய வாக்கியத்தை யாரிடமாவது சத்தமாகச் சொல்லிவிடுங்கள். 'நீ'யில் அழுத்தம், ஞாபகம் இருக்கட்டும்.

போன மாதம் வகுப்பில் ஒரு பெண் தன் கிண்டல் வாக்கியத்தை வாசித்தாள். அவள் அண்ணன் காய்ச்சல் என்று அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுச் சேப்பாக்கத்துக்கு மேட்ச் பார்க்கப் போயிருக்கிறான். 'மை பிரதர் வென்ட் டு த ஸ்டேடியம் இன்காக்னிட்டோ' என்றாள். சரி, வாக்கியத்தில் தப்பில்லை என்றேன். 'இன்னும் முடியல சார்' என்று அடுத்த வரியை வாசித்தாள். 'ஹிஸ் மேனேஜர் வாஸ் இன் த நெக்ஸ்ட் ரோ, ஆல்சோ இன்காக்னிட்டோ.'